கியர் நாப் மாற்றினால் எது மாறும், எது மாறாது

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தி மகன் ஒரு கேள்வியோடு வந்தான். "அண்ணே, செகண்ட் கியர் விழவே மாட்டேங்குது. வெயிட்டா ஒரு நாப் மாட்டினா வெண்ணெய் மாதிரி விழும்னு சொல்றாங்க. மாட்டிடலாமா?" அவனிடம் இருப்பது பத்து வயதான சின்ன கார். நாப் என்பது கியர் ராடின் தலையில் மாட்டும் கைப்பிடி. கையில் இருந்த ஃபோனில் பளபளவென்று ஓர் எஃகு உருண்டையின் படம். கூடையில் போட்டுவிட்டான், பணம் கட்டுவதுதான் பாக்கி.

இதே கேள்வி பலரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் பதில்களும் தெரியும். நாப் மாற்றினால் கியர் சீக்கிரம் விழும் என்பார் ஒருவர். குட்டை நாப் போட்டால் அதுவே ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ஏற்பாடு, என்பார் இன்னொருவர். கனமான நாப் போட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துவார் மூன்றாமவர். மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துளி எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

எனக்கு நாப் மாற்றுவது பிடிக்கும். ஓட்டுகிறவரின் கை ஸ்டியரிங்குக்கு அடுத்தபடியாக அதிகம் தொடுவது அதைத்தான். நல்ல நாப் ஒன்று அமைந்தால் தினமும் வேலைக்குப் போகிற பாதைகூடக் கொஞ்சம் இனிமையாகும். அதனால்தான் அது செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அடியிலிருந்தே பார்ப்போம்.

## முதலில் அடிபம்பு

தெருமுனையில் அடிபம்பு இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் நுனியைப் பிடித்து அடித்தால் சிறு பிள்ளைகூடத் தண்ணீர் எடுத்துவிடும், ஆனால் கை நீளமாக மேலும் கீழும் போக வேண்டும். அதே கைப்பிடியை நடுவில் பிடித்து அடித்துப் பாருங்கள். கை போகும் தூரம் பாதியாகும், தோள்பட்டை வலிக்க ஆரம்பிக்கும். தூரத்தை மிச்சம் பிடித்தால் பலத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நெம்புகோலின் கணக்கு இது, ஏமாற்ற முடியாது.

காரின் கியர் ராடும் இதே அடிபம்புதான். அடியில் ஓர் அச்சு இருக்கிறது, அதன்மேல் ராடு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்கிறது. அச்சுக்குக் கீழே உள்ள முனை கியர்பாக்ஸை இயக்குகிறது. மேலே உள்ள நீண்ட முனையில் நம் கை. அந்த முனையின் தலையில் மாட்டியிருக்கும் கைப்பிடியைத்தான் நாப் என்கிறோம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கும்போது கை கடக்கும் தூரத்துக்கு த்ரோ என்று பெயர்.

ராடின் கீழ் முனையும் கியர்பாக்ஸும் சேர்கிற விதம் காருக்குக் கார் வேறுபடும். மஹிந்திரா பொலேரோ போன்ற பின்சக்கர வண்டிகளில் ராடு கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதன் அதிர்வு கைக்கு நேராக வரும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கர வண்டிகள். அவற்றில் கியர்பாக்ஸ் பானட்டுக்குக் கீழே இருப்பதால், ராடிலிருந்து அதுவரை இரண்டு கேபிள்கள் போகும். இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

## கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது

கியர் போடும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து போய் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்பது பலரின் மனப்படம். இன்றைய கார்களில் முன்னோக்கிய கியர்கள் அப்படி வேலை செய்வதில்லை. எல்லா ஜோடிகளும் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் தண்டின் மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும், தண்டோடு பிணைப்பு இருக்காது. நாம் கியர் போட்டால் ஒரு வளையம் பக்கவாட்டில் நகர்ந்து அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டிவிடும். அந்த வளையம்தான் ஸ்லீவ். அதைப் பிடித்து நகர்த்தும் கவட்டை வடிவப் பாகம் ஃபோர்க். கியர் ராடை அசைக்கும்போது நாம் கடைசியில் அசைப்பது இந்த ஃபோர்க்கைத்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தண்டு ஒரு வேகத்தில் சுற்றும், பூட்டப்பட வேண்டிய சக்கரம் வேறு வேகத்தில் சுற்றும். அந்த நிலையில் பூட்டப் பார்த்தால் பல்லும் பல்லும் மோதி 'கரகர' என்று அலறும்.

நிறுத்தம் தாண்டி நகர்ந்துவிட்ட பேருந்தில் ஏறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தான காரியம், ஆனால் அவர் செய்வதைக் கவனியுங்கள். நேராகப் படியில் குதிப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சில அடி கூடவே ஓடுகிறார். பேருந்தின் வேகமும் தன் வேகமும் ஒன்றான அந்த நொடியில் கால் படிக்குப் போகிறது. அந்தச் சில அடி ஓட்டத்தை கியர்பாக்ஸுக்குள் செய்கிற பாகம்தான் சின்க்ரோ. கூம்பு வடிவத்தில் ஒரு சிறிய வளையம். ஸ்லீவ் தள்ள ஆரம்பித்ததும் இந்தக் கூம்பு சக்கரத்தோடு உரசி அதன் வேகத்தைத் தண்டின் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகம் ஒன்றாகும் வரை தன் பற்களால் ஸ்லீவை மறித்து நிற்கும். ஒன்றானதும் வழி விடும். அதுவரை நம் கையில் ஒரு சிறு தடை தெரியும், பிறகு ராடு சறுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

1928-இல் காடிலாக் கார்களில்தான் இந்த ஏற்பாடு முதலில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கிளச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைத் தட்டி, வேகத்தை ஓட்டுநரே பொருத்த வேண்டியிருந்தது. பழைய லாரி ஓட்டுநர்கள் அதைச் செய்வதைக் கேட்டிருந்தால் அந்த ஓசை இன்னும் காதில் இருக்கும். அது ஒரு தனிக் கலை.

இன்னொரு சின்ன பாகமும் உண்டு. பழைய மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பினால் ஒவ்வொரு எண்ணிலும் 'டக்' என்று நிற்குமே, அதேபோல் கியரும் தன் இடத்தில் நிற்பதற்காக ஸ்பிரிங் தள்ளும் ஒரு குண்டு பள்ளத்தில் விழுந்து உட்காரும். இதற்கு டிடெண்ட் என்று பெயர். கியர் விழுந்ததும் கைக்குத் தெரிகிற அந்தத் தெளிவான உணர்வில் பெரும்பங்கு இதனுடையது.

ஆக, கியர் மாற்றும்போது கை மூன்று வேலைகளைச் செய்கிறது: டிடெண்ட் பள்ளத்திலிருந்து வெளியே எடுக்கிறது, சின்க்ரோ வேலையை முடிக்கும்வரை அழுத்திப் பிடிக்கிறது, வழி கிடைத்ததும் உள்ளே தள்ளிப் பூட்டுகிறது. இதில் எந்தப் பாகமும் நாப்புக்குள் இல்லை. நாப் மாற்றினால் கியர்பாக்ஸில் எதுவும் மாறாது. கைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள உணர்வு மட்டும் மாறும்.

## கனம் என்ன செய்கிறது

பழைய வீட்டுத் தேக்கு வாசற்கதவு ஒன்றையும், குளியலறையில் போடுகிற லேசான பிளாஸ்டிக் கதவு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். தேக்குக் கதவை அசைக்கக் கொஞ்சம் உந்த வேண்டும். ஆனால் கிளம்பிவிட்டால் தானே போகும். தரையில் லேசாக உரசுகிற இடம் வந்தாலும் தன் வேகத்திலேயே தாண்டிவிடும், கைக்கு அந்த உரசல் தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் கதவு சுண்டுவிரலால் தள்ளினாலே நகரும், ஆனால் உரசுகிற இடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஒவ்வொரு உரசலும் கையில் தெரியும். நகரும் பொருள் தொடர்ந்து நகரப் பார்க்கும் இந்தக் குணத்தைப் பள்ளிப் பாடத்தில் நிலைமம் என்று படித்திருப்போம். எடை கூடினால் நிலைமம் கூடும்.

கனமான நாப் செய்வது இதைத்தான். நாப் 100 கிராமிலிருந்து 500 கிராமாக மாறினால், கை அதே வேகத்தில் நகர்ந்தாலும் நாப்பில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஐந்து மடங்கு. டிடெண்டின் மேட்டிலும், சின்க்ரோ மறிக்கிற அந்தக் கணத்திலும் நாப்பின் சொந்த வேகமே கொஞ்சம் தள்ளிவிடுகிறது. கை அந்த முட்டல்களை முழுசாக உணர்வதில்லை. "வெண்ணெய் மாதிரி" என்று சொல்வது இந்த உணர்வைத்தான், அது பொய்யில்லை.

ஆனால் சின்க்ரோ செய்ய வேண்டிய வேலை ஒரு துளியும் குறையவில்லை. வேகம் ஒன்றாக வேண்டும், அதற்கு அந்தக் கூம்பு உரசியே ஆக வேண்டும். கனமான நாப் அந்தச் செய்தியைக் கைக்குக் கொஞ்சம் மழுக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

இது கார் கம்பெனிகளுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. முன்சக்கரக் கார்கள் பலவற்றில் பானட்டைத் திறந்து கியர்பாக்ஸின் மேல் கேபிள் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஓர் இரும்புக் கட்டி சும்மா தொங்குவதுபோல் இருக்கும். அது சும்மா இல்லை. தேக்குக் கதவின் குணத்தைத் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட காரில் அரை கிலோ நாப் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

ஹோண்டாவின் சிவிக் டைப் ஆர் இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் வந்த மாடலுக்கு அலுமினிய உருண்டை நாப் இருந்தது. 2020-இல் அதை மாற்றிக் கண்ணீர்த்துளி வடிவ நாப் கொடுத்தார்கள், உள்ளே 90 கிராம் எடைக் கட்டி ஒன்றையும் வைத்தார்கள். அரை கிலோ இல்லை, 90 கிராம்தான். கியர் மாற்றும் உணர்வுக்காகவே பேசப்படும் ஒரு காரின் பொறியாளர்களுக்கு அந்த அளவே போதும் என்று பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 1970-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 காரின் கியர் நாப் பால்சா மரத்தால் செய்தது. பொம்மை விமானம் செய்கிற, தண்ணீரில் மிதக்கிற அந்த மரம்தான். வண்டி முழுவதிலும் ஒவ்வொரு கிராமையும் செதுக்கிக் குறைத்தபோது நாப்பும் தப்பவில்லை. அந்த நினைவாகத்தான் பின்னாளில் போர்ஷே கரேரா ஜிடி காருக்கும் மர நாப் வைத்தார்கள். லேசான நாப் போட்டால் கியர் விழாது என்று யாராவது சொன்னால் இந்த மர நாப்பைச் சொல்லலாம்.

## கனத்துக்கு ஒரு வரம்பு

டிடெண்ட் தேய்ந்துபோன பழைய கியர்பாக்ஸில், மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது ராடின் தலையில் இருக்கும் கனமும் சேர்ந்து ஆடும். சில சமயம் கியர் தானாகவே வெளியே வந்துவிடும். ராடு நேராகக் கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். ஏற்கனவே கியர் துள்ளி வெளியே வருகிற வண்டிக்குக் கனமான நாப் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கனமான உருண்டை கைக்கு இதமாக இருப்பதால் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் வந்துவிடும். கையின் பாரம் ஃபோர்க்கை ஸ்லீவின் மேல் அழுத்தும். ஸ்லீவ் சுற்றிக்கொண்டிருக்கும், ஃபோர்க் சுற்றாது. விடாமல் அழுத்தினால் ஃபோர்க் தேயும். கனமான நாப் கியர்பாக்ஸைக் கெடுக்கும் என்ற பேச்சு எழ இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நல்ல நிலையில் உள்ள சின்ன காருக்கு 150 முதல் 300 கிராம் வரை போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தைக் கிளப்பவும் நிறுத்தவும் கை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நெரிசலில் மாட்டினால் மணிக்கட்டு அதைச் சொல்லிவிடும்.

## உயரம் என்ன செய்கிறது

மறுபடியும் அடிபம்பு. அச்சிலிருந்து நாப்பின் நடுப்பகுதி வரை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், த்ரோ 12 செ.மீ. இப்போது 4 செ.மீ. தாழ்வாக உட்காரும் நாப் போடுகிறீர்கள். அச்சிலிருந்து தூரம் 26 செ.மீ. ஆகிவிடும். ராடு சாயும் கோணம் மாறாது, ஆனால் கை கடக்கும் தூரம் சுமார் 10.4 செ.மீ. ஆகும். நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தேவைப்படும் பலம் கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடிவிடும். உயரமான நாப்போ, ராடின் தலையில் நீட்டிப்புத் துண்டோ போட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கை அதிக தூரம் போகும், ஆனால் லேசாகப் போகும்.

உண்மையான ஷார்ட் ஷிஃப்டர் என்பது ராடையே மாற்றுவது. அச்சின் இடத்தையோ அச்சுக்குக் கீழே உள்ள நீளத்தையோ மாற்றி, குறைந்த சாய்விலேயே அதே வேலை நடக்கும்படி செய்வார்கள். குட்டை நாப் அந்த விளைவில் ஒரு பங்கைத் தரும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

என் சித்தி மகனின் எஃகு உருண்டையை இங்கே பொருத்திப் பாருங்கள். அது அவனுடைய பழைய நாப்பைவிடத் தாழ்வாக உட்காரும். கனத்தால் கிடைக்கும் வழுவழுப்பைத் தாழ்வு பறித்துக்கொள்ளும். ஏற்கனவே இறுக்கமாக இருக்கும் கியருக்கு இன்னும் அதிக பலம் கொடுக்க வேண்டி வரும். விற்பனைப் படத்தில் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. பழைய நாப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்து பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால், கனம் முட்டல்களை மழுக்கும். உயரம் தூரத்தையும் பலத்தையும் மாற்றிக்கொடுக்கும். நாப்பின் இயந்திரக் கதை இவ்வளவுதான்.

## கியர் இறுக்கமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது

சித்தி மகனிடம் பணம் கட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தோம். எஞ்சினை அணைத்துவிட்டு, நின்ற நிலையில் எல்லா கியரையும் போட்டுப் பார்த்தோம். ராடு தாராளமாக நகர்ந்தது. அப்படியானால் கேபிளிலோ, ராடின் மூட்டுகளில் இருக்கும் புஷ் வளையங்களிலோ பெரிய கோளாறில்லை. அணைத்த நிலையிலேயே இறுகினால் அங்கேதான் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை முழுக்க மிதித்து அதையே செய்தோம். இப்போது எல்லா கியரும் இறுகினால் கிளச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இவனுக்கு அதுவும் இல்லை.

ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் செகண்ட் முரண்டு பிடித்தது, வண்டி சூடானதும் சரியானது. கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். "எஞ்சின் ஆயில் மாத்துவோமே, அதானே?" என்றான். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. பத்து வருட ஆயில். குளிர்ந்திருக்கும்போது தடிப்பாக இருக்கும், சின்க்ரோ கூம்பு அந்தப் படலத்தை விலக்கிவிட்டுத்தான் உரச வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

சூடான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டிய வேலை. எந்த நாப்பும் அதைத் தொட முடியாது.

## எந்தப் பொருளில் வாங்குவது

எடையிலிருந்தே தொடங்கலாம். 5 செ.மீ. விட்டமுள்ள கெட்டி உருண்டையின் கனஅளவு சுமார் 65 கன செ.மீ. அதே உருண்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 520 கிராம் வரும், டைட்டானியத்தில் 290, அலுமினியத்தில் 175, டெல்ரின் என்கிற கெட்டியான பொறியியல் பிளாஸ்டிக்கில் 90 கிராம் அளவில் வரும். திருகுத் துளைக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு போலிகளைப் பிடிக்கவும் உதவும். "முழு எஃகு" என்று விற்பதைத் தராசில் வைத்தால் 130 கிராம் காட்டுகிறது என்றால், அது முலாம் பூசிய பிளாஸ்டிக்காகவோ, உள்ளே வெற்றிடமாகவோ இருக்கும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி வெயில். மதியம் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்திருப்பீர்கள். பக்கத்திலேயே விரித்த சணல் விரிப்பும் அதே வெயிலில்தான் கிடக்கிறது, ஆனால் அதில் கால் வைத்தால் தாங்குகிறது. சூடு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, எவ்வளவு வேகமாகத் தோலுக்குப் பாய்கிறது என்பதுதான் சுடுவதைத் தீர்மானிக்கிறது. இந்தக் குணம் வெப்பக் கடத்தல். அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாகக் கடத்தும். டைட்டானியக் கலவை ஸ்டீலைவிடவும் மெதுவாகக் கடத்தும். மரமும் டெல்ரினும் இவற்றோடு ஒப்பிட்டால் கடத்தாத மாதிரிதான்.

கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள், நேர் வெயில் படும் பொருள்கள் 60 டிகிரியைத் தாண்டுவது சித்திரை வைகாசியில் சாதாரணம். அந்தச் சூட்டில் அலுமினிய நாப்பைப் பிடிக்க முடியாது. ஸ்டீலும் சுடும், கனமான உருண்டை என்பதால் ஆறவும் நேரமெடுக்கும். 1995-இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், 1997-இல் வந்த சிவிக் டைப் ஆர் கார்களில் இருந்த டைட்டானிய நாப்களை ஆர்வலர்கள் இன்றும் தேடுகிறார்கள். அவை அழகானவை, விலையும் அப்படித்தான். நம் தட்பவெப்பத்துக்கு டெல்ரினோ, மரமோ, உள்ளே எடை வைத்து வெளியே தோல் சுற்றியதோ போதும் என்பது என் முடிவு. தோல் வியர்வையில் சில வருடத்தில் மினுங்கிப்போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உலோகம்தான் வேண்டும் என்றால் நிழலில் நிறுத்தும் வசதி இருப்பவர்கள் வாங்கட்டும்.

## வடிவம்

இது கையின் விருப்பம், அதிகம் பேச ஒன்றுமில்லை. உள்ளங்கையை மேலே கவிழ்த்து ஓட்டுகிறவருக்கு உருண்டை பொருந்தும், பக்கவாட்டில் விரல்களால் பிடிக்கிறவருக்கு உயரமான வடிவம் பொருந்தும். 1976-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காருக்கு கோல்ஃப் பந்து வடிவ நாப்பை யோசித்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளர். விளையாட்டாகத் தோன்றும் அந்த யோசனை அந்தக் காரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கூர்மையான முனைகள் உள்ள வடிவங்களை மட்டும் தவிருங்கள். வாள் பிடி, மண்டை ஓடு என்றெல்லாம் வருகின்றன. திடீர் பிரேக்கில் கையோ முழங்காலோ அதில் மோதும்.

நாப்பின் மேல் கியர் வரைபடம் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. அமெரிக்காவில் அந்த வரைபடம் ஓட்டுநரின் பார்வையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஜப்பானில் வாகனச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். உங்கள் காரை மெக்கானிக்கோ மனைவியோ எடுக்கும்போது ரிவர்ஸ் எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். வெற்று உருண்டை வாங்கினால் ஒரு சின்ன ஸ்டிக்கரையாவது டேஷ்போர்டில் ஒட்டுங்கள்.

## பொருந்துமா

நான் பாடம் கற்ற இடம் இது. பல வருடங்களுக்கு முன், "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று ஒரு கடையில் கொடுத்த நாப்பை வாங்கி மாட்டினேன். ராடின் மேல் கவிழ்த்து, பக்கவாட்டில் மூன்று சின்னத் திருகுகளை அலன் கீயால் இறுக்குகிற வகை. இரண்டு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் மாலை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன், நாப் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒரு பேருந்து. வெறும் ராடைப் பிடித்து எப்படியோ கியரைப் போட்டேன். அன்றிலிருந்து திருகு இறுக்கும் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதிர்வில் அந்தச் சின்னத் திருகுகள் தளர்ந்துகொண்டே இருக்கும்.

உங்கள் ராடின் தலை எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில கார்களில் நாப் மரை மேல் திருகியிருக்கும். அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும்: ராடின் விட்டம், மரையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி. இந்த இடைவெளிக்குப் பிட்ச் என்று பெயர். ஹோண்டா கார்களில் பொதுவாக எம்10×1.5, அதாவது 10 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச். நிஸான், மாஸ்டா கார்களில் பொதுவாக எம்10×1.25. டொயோட்டாவில் பொதுவாக எம்12×1.25. விட்டம் ஒன்றாக இருந்து பிட்ச் வேறானால்தான் ஆபத்து. இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். "இன்னும் கொஞ்சம்" என்று பலம் கொடுத்தால் ராடின் மரை போய்விடும்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய நாப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இந்த மூன்று அளவிலும் ஒவ்வொரு நட் வாங்கி ராடில் விரலால் திருகிப் பாருங்கள். எது கடைசி வரை தடையில்லாமல் ஏறுகிறதோ அதுதான் உங்கள் அளவு. வாங்கிய நாப்பின் மரை வேறாக இருந்தால் லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து தருவார்கள். கோவையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஐரோப்பிய கார்கள் பலவற்றில் மரையே இருக்காது. நாப்பை அழுத்தி மாட்டியிருப்பார்கள், கிளிப்போ பிசினோ பிடித்திருக்கும். அதை மேல்நோக்கி இழுத்துக் கழற்றும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று விடுபட்டால் உங்கள் முஷ்டி உங்கள் மூக்கில்தான் வந்து மோதும்.

பலர் மறப்பது ரிவர்ஸ் லாக். முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது தவறி ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் ஏற்பாடு அது. ரெனோ, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் நாப்புக்குக் கீழே விரலால் தூக்கும் வளையம் இருக்கிறதே, அதுதான். சந்தையில் கிடைக்கும் சாதா நாப்பை அங்கே மாட்டினால் வளையம் இல்லாமல் போகும், அல்லது தூக்க இடமில்லாமல் போகும். பிறகு வண்டி பின்னால் போகாது. அந்த வளையத்தோடு சேர்ந்து வரும் நாப்போ, வளையத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் அடாப்டரோ கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஃபோக்ஸ்வாகன் போலோவில் ராடையே கீழே அழுத்தி ரிவர்ஸ் போட வேண்டும். அதில் புதிய நாப்பும் அதன் அடியில் உள்ள தோல் உறையும் அந்த அழுத்தலுக்கு இடம் விட வேண்டும்.

## மாட்டும்போது

மரை வகையில் முதலில் லாக் நட்டைத் திருகி, அதன் மேல் நாப்பைத் திருகி, வரைபடம் நேராக நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு நட்டை மேலே கொண்டுவந்து இறுக்குங்கள். தளரும் என்று பயமிருந்தால் மரையைத் தளராமல் பிடித்துக்கொள்ளும் பசையான திரெட் லாக்கரில் நீல நிறம் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டினால்தான் கழலும். தோல் உறையின் மேல் விளிம்பு புதிய நாப்புக்குக் கீழே நன்றாக உட்கார்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உறை சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திய நிலையில் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள். ஐந்தாவதில் டேஷ்போர்டிலும், இரண்டாவதில் கப் ஹோல்டரிலும் கை இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து நட்டை மறுபடியும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

சித்தி மகன் பொங்கலுக்குள் கியர்பாக்ஸ் ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில் மாற்றிவிட்டான். அந்த எஃகு உருண்டையைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய நாப் உயரத்திலேயே உட்காரும் 190 கிராம் டெல்ரின் நாப் ஒன்றை வாங்கினான். உள்ளே ஓர் எஃகுத் துண்டு வைத்தது. பழைய நாப்பைக் கிளிப்போடு துணியில் சுற்றி டிக்கியில் வைக்கச் சொன்னேன், வண்டியை விற்கும் நாளில் வேண்டியிருக்கும். போன வாரம் ஃபோனில் பேசும்போது செகண்ட் எப்படி என்று விசாரித்தேன்.

"அது ஆயில் மாத்தின அன்னைக்கே விழுந்துடுச்சுண்ணே. நாப் கைக்கு நல்லா இருக்கு."